வளைந்து வந்த புள்ளிகள்

தங்கை மகளின் எலும்பு மஜ்ஜை, ஒரு சின்னக் குழாயில், அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது. சொந்தக்காரர் மாதிரியைத் தொடக்கூடாது என்று அந்த ஆய்வுக்கூடத்தில் விதி உண்டுதான். ஆனால் லேசர் இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவள் அன்று அவள் ஒருத்திதான். வேறு யார் தலையில் கட்டுவது?

கீமோ முடிந்து முதல் சோதனை. ரத்தப் புற்று அடியோடு போயிருந்தால் குழந்தை வீட்டுக்குப் போகலாம். மிச்சம் இருந்தால் எல்லாம் முதலிலிருந்து. கீழே வராந்தாவில் தங்கை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒவ்வொன்றும் செல்லின் மேலுள்ள ஒரே ஓர் அடையாளத்தைத்தான் பிடிக்கும். பிடித்துவிட்டால் அதன் சாயம் லேசரில் ஒளிரும். பதினெட்டு வருடமாகப் பார்க்கிறாள். அத்தனை கூட்டத்தில் தன் ஆளை மட்டும் போய்ப் பிடிக்கும் இந்தச் சமாசாரத்துக்கு இன்றும் வாயைப் பிளக்கத்தான் செய்கிறாள்.

திரையில் முதல் படம் விரிந்தது; ஒரு செல்லுக்கு ஒரு புள்ளியாக விழுந்தன. முதிராத செல்களுக்கான மூலையில் நூறு, இருநூறு, நானூறு. குழந்தைக்கு முதலில் நோய் தெரிந்ததும் அதே மூலையில்தான். நோயியல் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"திரும்பி வந்துடுச்சு டாக்டர்."

டாக்டர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். "எத்தனை படம் பார்த்தீங்கக்கா?"

"முதல் படம்."

"முதல் படத்தோட நிறுத்தினா காதைத் திருகுவேன்னு எல்லாரையும் மிரட்டுறது யாரு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த ஆன்டிபாடியின் படத்தைத் திறந்தாள். புற்றுச் செல்கள் என்றால் வளர மறுத்து, ஒரே வயதில் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். இவையோ மூலையிலிருந்து புறப்பட்டு, வில்லாக வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாக முதிர்ந்துகொண்டே போயின. இப்போதுதான் பிறந்தவை, கொஞ்சம் வளர்ந்தவை, பெரியவையாகப் போகிறவை. மருந்து துடைத்தெடுத்த மஜ்ஜை, யாரும் சொல்லித் தராமலே, முதலிலிருந்து தொடங்கியிருந்தது. அவள் இமைக்கவும் மறந்தாள்.

டாக்டரும் தன் திரையில் எல்லாப் படத்தையும் பார்த்தாள். "வரிசையை விட்டு ஒண்ணுகூட விலகலக்கா. கையெழுத்துப் போடறேன். நீங்களே போய்ச் சொல்லுங்க."

படியிறங்கி வந்த அக்காவின் கண்ணைப் பார்த்ததும் தங்கைக்கு முகம் வெளிறிவிட்டது.

"இருக்கா?"

"இல்லடி."

"அப்புறம் ஏன் அழற?"

"உன் பொண்ணுக்குப் புது ரத்தம் பிறக்குதுடி. இப்பதான் பார்த்துட்டு வரேன்."