தெரியாததை எழுதிவைத்த பலகை

ஆஸ்பத்திரிக் கட்டில்களைப் பழுது பார்க்கிற பட்டறை எங்களுது. அதுல அஞ்சு பேர் குழு ஒண்ணுக்குத் தலைவரே கிடையாது. ஆனா சொன்ன தேதிக்குக் கட்டில் போய்ச் சேர்ந்துடும். பக்கத்துப் பிரிவுக்கு நான் மேற்பார்வை. பதினாறு வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன், என் கட்டில் எப்பவும் ஒரு வாரம் தாமதம்தான்.

என் பிரிவை மூடப்போறதா முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். அந்த அஞ்சு பேரோட ஒரு வாரம் இருந்து பாரு, அவங்களுக்குத் தலைவர் வேணும்னு நீ எழுதிக்கொடுத்தா அந்த வேலை உனக்குத்தான்னார்.

தலையில்லாம உடம்பு நடக்குமா? எவரோ ஒளிஞ்சிருந்து ஆட்டிவைக்கிறாங்க, கண்டுபிடிக்காம விடுறதில்லைன்னு போய் உக்காந்தேன். முதல் சந்தேகம் வெல்டர் மேல, குரல் பெருசு. அவரோ மெத்தை தைக்கிற அக்காகிட்ட, இந்தக் கம்பி மெத்தையைக் கிழிக்குமான்னு பவ்யமாக் கேக்குறார். சரி, அக்காதான் தலைன்னு முடிவு கட்டினா, அவங்க சக்கரம் மாட்டுற பொண்ணுகிட்டப் போய் நிக்கிறாங்க. எனக்கு மண்டை காஞ்சுபோச்சு.

மூணாம் நாள்தான் சுவத்துப் பலகையைப் படிச்சேன். யாருக்கு என்ன வேலைன்னு இருக்கும்னு பார்த்தா, யாருக்கு என்ன தெரியாதுன்னு அவங்கவங்க கையெழுத்துலயே இருக்கு. வெல்டருக்கு அளவு தப்பும். அக்காவுக்கு எந்தக் கம்பி எவ்வளவு எடை தாங்கும்னு தெரியாது. அட, இதையெல்லாமா எழுதி மாட்டுவாங்க! என் ஆளுங்களை எழுதச் சொன்னா வெறும் பலகைதான் மிஞ்சும்.

அன்னைக்குச் சாயங்காலம் சக்கரப் பொண்ணு, தான் மாட்டின பத்து பிரேக்கும் சரியாப் பிடிக்கலைன்னு தானே வந்து சொன்னா. யாரும் திட்டலை. ஆளுக்கு ரெண்டாக் கழட்டி மாட்டினாங்க. என் பிரிவுல இதை மூடி மறைச்சிருப்பாங்க, நான் கத்துவேன்னு. அது உறைச்சப்போ வெட்கமாப் போச்சு.

"வேணும்னு ஒரு வரி எழுதிட்டு வாயேன், யாரு கேக்கப்போறா?"ன்னார் என் வீட்டுக்காரர். ஆசையாத்தான் இருந்தது.

வாரக் கடைசியில, தலைவர் தேவையில்லைன்னு எழுதி முதலாளி மேஜையில வச்சேன். அவர் ரெண்டு தரம் படிச்சார்.

"அப்ப நீ என்னம்மா பண்ணப்போறே?"

"தெரியலைங்க."

பதினாறு வருஷத்துல அவர் முன்னாடி நான் சொல்லாத பதில். பயந்துபோய் நின்னேன். அவர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்கும் தெரியலை. உக்காரு."