தோள் கொடுக்க நாலு பேர்

மாலையைச் சாத்திவிட்டு நிமிர்ந்த தலைவர், போட்டோ சரியாக விழவில்லை என்று கூட வந்தவன் காதைக் கடித்ததும், மறுபடி குனிந்து அதே மாலையை இன்னொரு முறை சாத்தினார். பெஞ்சில் கிடந்த கிருஷ்ணப்பன் ஒன்றும் சொல்லவில்லை. உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

தலைமாட்டில் இருந்த மாயா, தெருவில் ஓடும் லாரிகளின் தூசி படிந்த அப்பாவின் நெற்றியை முந்தானையால் ஒற்றினாள்.

"தெருக்கோடில அமரர் ஊர்தி நிக்குதும்மா, நம்ம செலவு. ஏத்திடலாம்," என்றார் தலைவர்.

"வாணாம் தலைவரே. தோள்ல தான் போவணும். நைனா சொல்ட்டுதான் போச்சு."

ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகச் சொன்னதே அது ஒன்றுதான். அத்திப்பட்டுக்கு அந்தாண்டை இருக்கும் அந்தச் சின்ன ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "தலப்பக்கம் எனுக்கு" என்று முதலில் வந்து நிற்கிற ஆள் அவர்.

"தோள்லன்னா, தூக்கறதுக்கு ஆளு?"

நியாயமான கேள்விதான். பதிலும் தலைவருக்குத் தெரியும். தெருவில் விலைக்கு வந்த வீடுகளையெல்லாம் வாங்கி, தடுத்து வரிசை அறைகளாக்கி, அறைக்குப் பத்துத் தலை என்று ஒடிசாக்காரப் பையன்களுக்கு விட்டவர் அவரே. பத்துத் தலை கொடுக்கும் வாடகையை ஒரு குடும்பத் தலை எப்படிக் கொடுக்கும்? உள்ளூர்ப் பிள்ளைகள் கலைந்து போனார்கள். மாயாவின் அண்ணன் அன்பரசனும் பெண்டாட்டி பிள்ளையோடு கொருக்குப்பேட்டைக்குப் போனான். மேடைக்கு மேடை 'மலிவு விலை வீடு' என்று முழங்கியவரும் இதே தலைவர்தான். வீடுகள் வந்தன. விலையைக் கேட்ட கிருஷ்ணப்பன் கூட்டத்தில் எழுந்து, "மலிவுன்றது அந்த வூட்டோட பேரா நைனா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஊரைவிட்டுப் போன பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அன்பரசன் போனை இறக்கினான். "நெல்சன் லோடு ஏத்திகினு கீறானாம். சாயந்தரம் வரானாம்."

"அவன் அப்பன தூக்கனது யாருண்ணா?"

அன்பரசன் அடுத்த நம்பரைத் தேடினான். கொள்ளிச்சட்டி பிடிக்க வேண்டியவன், பாடை தூக்க முடியாது. மாயாவின் புருஷன் ஒருவன், டீக்கடை தாவூது பாய் ஒருவர். மிச்சம் இரண்டு தோள்.

எதிர் அறை வாசலில் ராத்திரி வேலை முடித்து வந்த பையன்கள் பூட்ஸ்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார்கள். கிருஷ்ணப்பனுக்கு அவர்களை ஆகாது. குழாயடியில் பக்கெட்டுக்கு மேல் பக்கெட் பிடிக்கிறார்கள், தண்ணீர் வழிந்தாலும் மூடுவதில்லை என்று தினமும் தன் வீட்டு வாசலில் நின்று திட்டுவார். அவர்களும் புரியாமல் தினமும் "ஆமா தாத்தா" என்பார்கள்.

மாயா எழுந்து தெருவைக் கடந்தாள். ஜகந்நாத்துக்குத்தான் கொஞ்சம் தமிழ் வரும்.

"தம்பி, எங்க நைனாவ தூக்கணும். ரெண்டு பேரு வேணும்."

அவன் மற்றவர்களிடம் ஏதோ சொன்னான். எல்லாருமே பூட்ஸைக் கழற்றினார்கள்.

"இன்னாம்மா இது! வெளியாள வெச்சிகினு... சாங்கியம்னு ஒண்ணு கீதில்ல?" என்றார் தலைவர்.

"வாடக வாங்கசொல்ல வெளியாளுன்னு தெரில்லியா தலைவரே?" என்றார் தாவூது பாய், பாடையின் காலைச் சரிபார்த்தபடி.

தலைவர் வாட்சைப் பார்த்தார். அவருக்கு அடுத்தது ஒரு திறப்பு விழா. அதற்கும் மாலை அதே கடையில்தான்.

தூக்கியதும் பாடை சாய்ந்தது. தலைப்பக்கத்தில் ஜகந்நாத் நெட்டை, மாயாவின் புருஷன் குட்டை. மாயா உள்ளே ஓடினாள். கொடியில் கிடந்த அப்பாவின் துண்டை உருவி, நாலாக மடித்துப் புருஷனின் தோளுக்கும் மூங்கிலுக்கும் நடுவே செருகினாள். பாடை சமமாயிற்று.

தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். மேளம் தேய்ந்து மறையும்வரை மாயாவும் நின்றாள்.

திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டாள். தூக்கியவர்கள் குளிக்காமல் படியேறக் கூடாது. வீட்டில் இருந்த பக்கெட்டுகள் போதவில்லை. எதிர் அறை வாசலில் கவிழ்த்திருந்தவற்றையும் எடுத்துப்போய்க் குழாயடியில் வரிசையாக வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

முதல் பக்கெட் நிரம்பி வழிந்தது. குழாயில் வைத்த கையை எடுக்காமல், மாயா சட்டென்று திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தாள்.