நாலாம் மாடிக்கு வந்த புகை

அறிக்கையில் சேர்க்காமல் விட்ட பதினோராயிரத்து நானூறு டன் புகை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு வந்து, நாலாம் மாடியில் புகைக்கணக்கு பார்ப்பவளின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தது. துணி அலசிய தண்ணீரின் நிறம். வாசனை என்று ஒன்றும் இல்லை. பத்தரைக்கு ஜன்னல்களைத் திறந்தார்கள். பதினொன்றுக்கு இரண்டு மின்விசிறிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். காகிதங்கள் பறந்தன, புகை அசையவில்லை. மதியம் பராமரிப்புப் பிரிவு ஆள் வந்து சுற்றிப் பார்த்தார்; இது தன் பிரிவில் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அறுபத்து மூன்று ஆலைகள் எரிக்கும் நிலக்கரி, டீசல், வாங்கும் மின்சாரம் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் கூட்டி, இத்தனை டன் புகை என்று வருஷத்துக்கு ஒருமுறை சொல்வது அவள் வேலை. சில ஆலைகள் லிட்டரில் எழுதி அனுப்பும், சில பீப்பாயில். ஒன்று 'வழக்கம்போல' என்று மட்டும் எழுதும். கெஞ்சியும் மிரட்டியும் எண்களை வாங்குவாள். அந்த வருஷம் பதினேழாம் ஆலையின் பாய்லர்காரர் தாமாகவே போன் செய்தார். "மேடம், இங்க மீட்டர் நின்னு மூணு வருஷமாச்சு. ஆபீஸ்ல பழைய நம்பரையே திருப்பித் திருப்பி அனுப்புறாங்க. நான் போடுற கரிய நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அனுப்பட்டுமா?" அனுப்பினார். நான்கு நோட்டுகள், ஒரு நாள்கூட விடுபடாமல். கூட்டிப் பார்த்தால் அட்டவணையில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு வந்தது. நோட்டுகளை அவர் பெயரோடு மேலே அனுப்பினாள். அவளுடைய மேலாளர் நல்ல மனிதர். அவளுக்குப் பிரசவமானபோது மூன்று மாதம் அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். "புகையைக் குறைச்சிட்டோம்னு சேர்மன் மேடையில சொல்லி, கைதட்டலும் வாங்கியாச்சு. இப்பப் போய் கூடிடுச்சுன்னு எப்படிச் சொல்றது? பழைய நம்பரையே போடுங்க, அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம்" என்றார். மூன்று நாள் தள்ளிப்போட்டுப் பார்த்துவிட்டுப் போட்டாள். அறிக்கையில் கையெழுத்தான செவ்வாய்க்கிழமைதான் புகை வந்தது.

அடுத்த வருஷம் தணிக்கைக்கு வந்தவர் புகைக்குள்ளேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோட்டுகளைக் காட்டினாள். ஆலை மேலாளரின் கையெழுத்து இல்லையே என்றார். புகையைக் காட்டினாள். "பேப்பர்ல இருக்கிறதைத்தாம்மா நான் பார்க்க முடியும். எதிர்ல இருக்கிறதை எல்லாம் பார்க்கச் சொன்னா எப்படி?" என்று இருமிக்கொண்டே கேட்டார். பழைய கணக்கைத் திருத்த மூன்று கையெழுத்து வேண்டியிருந்தது. ஒருவர் வெளிநாட்டில் இருந்தார், ஒருவர் ஓய்வு பெற்றார், மூன்றாமவர் மற்ற இருவரும் போட்டால் போடுவதாகச் சொன்னார். பிறகு அவரும் மாற்றலாகிப் போக, அவர் இடத்துக்கு வந்தவர் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். இப்படியே நாலு வருஷம் போயிற்று. அதற்குள் மற்ற ஆலைகளின் கணக்கில் விடுபட்ட புகையும் அவள் இடத்தை விசாரித்துக்கொண்டு வரத் தொடங்கியது. நாற்பத்திரண்டாம் ஆலையின் குளிர்பதனக் கிடங்கில் கசிந்த வாயு வெறும் குளிராக வந்தது. கோடையிலும் அவள் சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்த்தாள். "வேலையை விட்டுத் தொலையேன்" என்றான் கணவன். "விட்டுட்டா அது யாருக்கு எதிர்ல போய் உட்காரும்?" என்று கேட்டாள்.

ஆறாம் வருஷம் பாய்லர்காரர் நேரில் வந்தார். காவலாளி உடுப்பில் இருந்தார். "நோட்டு எழுதினதுக்காக என்னை கேட் காவலுக்கு மாத்திட்டாங்க மேடம்." அவர் பெயரை மேலே அனுப்பியது தான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் புகையைப் பார்த்துவிட்டார். கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "இது நம்ம ரெண்டாம் நம்பர் பாய்லரு. அடியில லேசா கறுப்பு விழும், பாருங்க." பக்கத்திலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"நான் எழுதினது பொய்யில்லைல்ல மேடம்?"

"பொய்யில்லண்ணே."

"அப்ப அதை எங்கயாச்சும் எழுதி வைங்க."

அவளால் செய்ய முடியாத காரியம் அது ஒன்றுதான். கீழே வாசல் வரை கூடப்போய் வழியனுப்பினாள். மறு வருஷம் அவர் இறந்துபோன செய்தி, பதினேழாம் ஆலை அனுப்பிய ஆள்கணக்கில் காவலாளிகளில் ஒன்று குறைந்து, எதிரே 'மரணம்' என்று எழுதியிருந்ததிலிருந்து தெரிந்தது.

பன்னிரண்டாம் வருஷம், நேர்த்தியான புகைக்கணக்குக்கான விருது நிறுவனத்துக்குக் கிடைத்தது. மேடையேறி வாங்கியவள் அவள்தான். புகைப்படத்தில் அவள் முகம் சரியாக விழவில்லை. அதே வாரம் அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. முதல் நாள் காலை லிஃப்டின் முன்னால் எல்லோரும் கூடியிருந்தபோது புகையும் வந்து வரிசையில் நின்றது. கதவு திறந்ததும் அதுதான் முதலில் ஏறியது. கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் கதவு மூடிவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு, "தள்ளி நில்லுங்க, மொத்தமா ஏறட்டும்" என்றார். அது ஏறி முடிக்க ஏழு நிமிடம் ஆயிற்று. எந்த மாடி என்று யாரோ கேட்டார்கள். "ஆறு" என்று தன் புது மேஜை இருக்கும் மாடியைச் சொன்னாள் அவள். ஒருவர் உள்ளே கையை விட்டுப் பொத்தானை அழுத்தினார். கதவு மூடியது, மற்றவர்களோடு அவளும் அடுத்த லிஃப்டுக்காகக் காத்திருந்தாள்.