பை வைத்த கோடி

கவியரசன் குர்தாவைத் திருப்பி, இடுப்புப் பக்கத் தையலுக்குள் விரலை நுழைத்துப் பார்த்தான். போகவில்லை. பை மாதிரி தெரிந்தது வெறும் தையல்.

"இதுல பை இல்லீங்களே."

"லேடீஸ் டாப்ல பெரும்பாலும் வராது சார்," என்றாள் விற்பனைப் பெண். "கிஃப்ட்டா?"

"கோடிக்கு."

மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பின்னால் நின்ற சித்தப்பா ஆண்டிச்சாமி முன்னால் வந்தார்.

"இவன் சொல்றதக் கேக்காதம்மா. சேலையெல்லாம் எங்கிட்டு இருக்கு?"

"மாடியில, சார்."

"நீங்க பேசாம இருங்க சித்தப்பா," என்றான் கவியரசன்.

அன்று காலை ஒன்பதே முக்காலுக்கு அவன் அக்கா இளமதியின் கணவர் ரெங்கராஜ் குளியலறை வாசலில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தோரு வயது. அவர் விழுந்தபோது இளமதி உள்ளறையில் லேப்டாப் முன் உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். காதில் ஹெட்ஃபோன். சத்தம் கேட்கவில்லை. மதியத்துக்குள் திருக்கோகர்ணத்தில் அந்தத் தெரு முழுக்க இதைத்தான் பேசியது.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்கு முன் பிறந்த வீட்டார் அவளுக்குப் புதுத்துணி, அதாவது கோடி, போட வேண்டும். அப்பா இல்லை. தம்பிதான் போட வேண்டும். பதினாறு முடிந்து முதல் தடவை வாசல் தாண்டும்போது பெண் அந்தக் கோடியைத்தான் உடுத்த வேண்டும். அது அவர்கள் குடும்பத்து வழக்கம்.

பந்தலில் ரெங்கராஜின் அண்ணன் தமிழ்செல்வன் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். "ஒரு வருசம் வீட்லயே இருக்கட்டும். இனிமே வேலையெல்லாம் எதுக்கு?" யாரும் மறுக்கவில்லை. கவியரசனும் மறுக்கவில்லை. பத்து நிமிடத்தில் உள்ளே பிணத்தருகே இருந்த அக்காவிடமிருந்து அவன் போனுக்குச் செய்தி வந்தது.

அது புதிதாக எழுதியது அல்ல. சனிக்கிழமை ரெங்கராஜுக்கு அனுப்பியதை அப்படியே இவனுக்குத் தள்ளிவிட்டிருந்தாள்.

'டாப் ரெண்டு. கருநீலம், கருப்பு. ஏற்கெனவே இருக்குற மூணு பேண்டுக்கும் சேரணும். முழங்கை வரைக்கும் கை. பஸ்ல கசங்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தொவச்சா சனிக்கிழமை காயணும். பை கட்டாயம்.'

அதன் கீழே இன்று எழுதிய ஒரே வரி: 'கருப்பு வேண்டாம். மெரூன் எடு. கோடி இதுதான்.'

இளமதி வேலை பார்ப்பது திருச்சியில் ஒரு கம்பெனிக்கு. இரண்டு வருடம் முழுக்க வீட்டிலிருந்தே பார்த்தாள். கேமராவுக்கு மேலே ஒரு நல்ல டாப், கீழே பழைய பாவாடை, அவ்வளவுதான் உடை. இரண்டு மாதத்துக்கு முன் செவ்வாய், புதன், வியாழன் ஆபீஸ் வரச் சொல்லிவிட்டார்கள். முதல் வாரம் சேலையில் போனாள். பஸ் கூட்டத்தில் கொசுவம் அவிழ்ந்தது. அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தாள். எதை எதோடு போட்டாலும் பொருந்த வேண்டும், காலையில் யோசிக்கக் கூடாது. ரெங்கராஜ் பைக்கில் கொண்டுபோய் ஆறு பத்து பஸ்ஸில் ஏற்றிவிடுவார். பஸ்ஸில் ஒரு கை கம்பியில் இருக்கும். அடையாள அட்டைக்கும் போனுக்கும் பை வேண்டும்.

"சேலை எடுடா," என்றார் ஆண்டிச்சாமி. "எளவு வீட்டுக்கு சுடிதாரத் தூக்கிட்டுப் போனா கீரமங்கலம் வரைக்கும் சிரிப்பானுங்க."

"சேலை எடுத்தா பீரோவுல கெடக்கும். இது உடுத்துறதுக்கு."

"செவப்பு வேற."

"மெரூன்."

"மெரூன்னா என்ன, செத்துப்போன செவப்பா?"

விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அலமாரியின் அடித்தட்டுக்குக் குனிந்தாள்.

கவியரசன் கையிலிருந்த குர்தாவை மடித்து வைத்தான். நாலு மாதத்துக்கு முன் ஸ்ரீபெரும்புதூரில் நைட் ஷிப்டை விட்டுவிட்டு வந்தவன் அவன். முதல் வாரம் நன்றாகத் தூங்கினான். அதன் பிறகு, எழுந்ததும் எந்தச் சட்டையைப் போடுவது என்ற கேள்வியே இல்லாமல் போனது. ஒரே லுங்கியில் நாட்கள் கழிந்தன. யாரும் எங்கேயும் எதிர்பார்க்காதவனுக்கு உடை தேவைப்படாது. அக்காவை அந்த லுங்கிக்குள் தள்ளப் பார்க்கிறார்கள் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"பை வச்சது இது ரெண்டுதான் இருக்கு," பெண் கருநீலத்தையும் மெரூனையும் விரித்தாள். "நானும் இதத்தான் போட்டு பஸ்ல வாரேன். சாயம் போகாது. அவங்க என்ன சைஸ்?"

"எம்."

"எல் எடுத்துக்கங்க. உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு எம் இறுக்கும்."

பில் போடும்போது போன் அடித்தது. அக்கா. பின்னால் ஒப்பாரி கேட்டது.

"பை இருக்கா?"

"இருக்கு. கைய விட்டே பாத்துட்டேன்."

"சரி." வைத்துவிட்டாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. அதையும் தெரு பேசிக்கொண்டிருந்தது.

தெருமுனையில் ஆண்டிச்சாமி ஒரு வீட்டில் தாம்பாளம் கேட்டு வாங்கிக்கொண்டார். மெரூனை நீளமாக மடித்து வைத்து, மேலே வெற்றிலையையும் பூவையும் பரப்பினார்.

"சேலைன்னே நெனைக்கட்டும். ஒன்னால என் மானம் போவுது."

"நீங்க வராட்டியும் போடுவேன்."

"வராம எங்க போறது? நடடா."

உடலைப் பந்தலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இளமதி கணவரின் தலைமாட்டில் இருந்தாள். மீட்டிங்குக்குப் போட்ட சாம்பல் நிற டாப்பின் மேல் யாரோ ஒரு பழைய சேலையைச் சுற்றிவிட்டிருந்தார்கள். எதிரே மாமியார் பிரகதாம்பாள், மகனின் கையைப் பிடித்தபடி.

"பொறந்த வீட்டுக் கோடி," என்று யாரோ குரல் கொடுத்தார்கள். வழி விட்டார்கள். கவியரசன் எடுத்து உதறினான். டாப்பின் ஒரு கை கீழே தொங்கியது. அதை அக்காவின் தோள்மேல் போர்த்தினான்.

ஒப்பாரி நின்றது.

"என்னய்யா இது?" என்றார் தமிழ்செல்வன்.

"கோடிங்க. பதினாறு முடிஞ்ச செவ்வாக்கெழம அக்கா இதப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போகும்." நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது.

"யாரக் கேட்டு முடிவு பண்ணுனீங்க?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன்," என்றாள் இளமதி. தலையைத் தூக்கவில்லை.

தமிழ்செல்வன் தன் அம்மாவைப் பார்த்தார். பந்தலும் பார்த்தது. பிரகதாம்பாள் மகனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆறு பத்து பஸ்ஸுக்கு இனி யாரு கொண்டுபோயி விடுவா?"

கேள்வி யாருக்கு என்று ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை.

"நான் விடுறேன் அத்தை," என்றான் கவியரசன்.

"பத்து மணிக்கு எந்திரிக்கிற பய நீயி."

"எந்திரிச்சிருவேன்."

தமிழ்செல்வன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பாடை கட்டுகிறவர்களைப் பார்க்கப் போனார். ஓரத்தில் ஒருத்தி மூக்கைச் சிந்திவிட்டு விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

இளமதி குனிந்தபடியே இருந்தாள். மெரூன் துணிக்கு அடியில் அவள் வலது கை தையலோடு நகர்ந்து, வாயைக் கண்டுபிடித்து, மணிக்கட்டு வரை பைக்குள் போனது. போன கை அங்கேயே இருந்தது.