சக்கரமில்லாத வண்டி

"விக்டோரியா வண்டிதான். குதிரை இழுக்கறது, மனுஷா உக்காந்திருக்கா. வேற என்னவா இருக்கும்?"

"விக்டோரியாவுக்குச் சக்கரம் உண்டே, ஜம்பு அண்ணா. இதுக்குக் கிடையாது."

மாதுங்கா வாசகசாலையில் சிரிப்பு எழுந்தது. பேப்பருக்குப் பின்னாலிருந்து பஞ்சு தலையை நீட்டினான். "சக்கரமில்லாத வண்டியா? ஊஞ்சல்ல குதிரையைப் பூட்டிட்டாளா?"

ஷ்யாமளா அசையவில்லை. ருஷ்ய நாவலின் முதல் பாகம் அவள் கையில் இருந்தது. இரண்டாம் பாகம் ஜம்புவின் மேஜை டிராயரில். புரியாமல் பக்கம் புரட்டுகிறவர்களுக்குப் புத்தகம் எதற்கு என்பது காரியதரிசி ஜம்புவின் கட்சி. மொழிபெயர்த்தவர் அப்படியே விட்டுவிட்ட 'ஸ்லெட்ஜ்' என்ற சொல்லுக்குப் பொருள் சொன்னால் தருகிறேன், இல்லாவிட்டால் நாளைக்குக் கல்யாணிலிருந்து வரும் கிட்டுவுக்குப் போய்விடும் என்றிருந்தான். கிட்டு வாங்கிப்போன புத்தகம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. நாயகியோ கொட்டும் பனியில் பாதி வழியில் நிற்கிறாள்.

"நீங்களே கேளுங்கோ," என்று புத்தகத்தைப் பிரித்தாள். "'சத்தமில்லாமல் வந்து ஆள்மேல் ஏறிவிடும் என்பதால் குதிரைக்கு மணி கட்டினார்கள்.' விக்டோரியா தெருமுனையில வரச்சேயே கடகடங்கறது. அதுக்கு மணி எதுக்கு? அப்புறம் இங்கே. 'பனி உருகியதும் ஸ்லெட்ஜைக் கொட்டகையில் போட்டுவிட்டு வண்டியை வெளியே எடுத்தார்கள்.' அப்போ இது வேற, வண்டி வேற. பனி போயிட்டா இது ஓடாது."

"சரி, சக்கரமில்லாம எப்படி நகரும்?" என்றான் ஜம்பு.

அவள் வாசலைக் காட்டினாள். எதிரே சோடாக் கடைக்கு ஐஸ் வந்திருந்தது. ஒற்றை ஆள் கொக்கியை மாட்டி, தன்னைவிடக் கனமான பாளத்தை நனைந்த சிமெண்டுத் தரைமேல் இழுத்துக்கொண்டு போனான். அது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு அவன் பின்னால் போயிற்று.

"இங்கே ஐஸ் வழுக்கறது. அங்கே தரையே ஐஸ். மேலே பலகையை வெச்சு இழுத்தாப் போறும்."

பஞ்சு பேப்பரை மடித்து வைத்தான். ஐஸ்காரன் கடைக்குள் மறையும்வரை ஜம்பு பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு டிராயர் திறக்கும் ஓசை கேட்டது.

இரண்டாம் பாகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஷ்யாமளா படியிறங்கினாள். வெயிலில் தெரு வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஐஸ் போன ஈரத்தடத்தில் செருப்பு லேசாக வழுக்க, எங்கோ குதிரை மணிகள் கிணுகிணுத்தன.

"ஷ்யாமளா," ஜம்பு வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினான். "அதுல 'சமோவார்'னு ஒண்ணு அடிக்கடி வரது. நானும் படிச்சுப் படிச்சுப் பார்த்துட்டேன், பிடிபடலே. என்னன்னு கண்டுபிடிச்சு எனக்கு மட்டும் சொல்றியா?"