மேல் தட்டுக்கு ஏறும் ரயில்

"அத்தான், வழுக்குது, பிடிங்க!" மைத்துனன் பவுல்ராஜ் கத்தினான்.

படுக்கையறையில், கீழ்த் தட்டையும் மேல் தட்டையும் இணைக்கும் சுருள் பாதையில் பின்னால் சரிந்த பொம்மை ரயிலைப் பிராங்ளின் பாய்ந்து பிடித்தார். இன்றைக்குள் அது மேல் தட்டுக்கு ஏறியாக வேண்டும். மனைவி ரேச்சலுக்கு அவர் கொடுத்த வாக்கு.

"குன்னூர் ரயிலோட ஏத்தத்தை அப்படியே வெச்சிருக்கீங்க. அதுக்குப் பல்சக்கரம் இருக்குதுங்க. உங்களுது பொக்கை வாய்!"

"அப்ப சுத்தைப் பெருசாக்கலாம். ஏத்தம் குறையும்."

"அக்கா கட்டில் இடிக்குமே?"

"வெளியே தள்ளு."

பவுல்ராஜ் தயங்கினான். பிறகு தள்ளினான்.

பிளைவுட்டில் பெரிய வளையங்கள் அறுத்து, போல்ட்டு முறுக்கி, ஆடாமல் நிறுத்தினார்கள். சாயங்காலம் ரயில் திணறாமல் ஏறி மேல் தட்டில் நின்றது.

"ஏறிடுச்சுங்க, அத்தான்."

"ம்."

ரேச்சலை நேற்றுதான் அடக்கம் செய்திருந்தார்கள்.