பின்னால் வந்தவர்கள்

சிவமலருக்கு அறுபத்தெட்டு வயது. போன மார்கழியில் சுவிஸ் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுடைய ஒரே மகன் கிஷோபனுக்கு ஒரே கதைதான்: ஓல்டனில் தனியே இருந்தது போதும், ஃப்ரிபூர்க்கில் தன் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, வந்துவிடுங்கள். சிவமலருக்கு ஃப்ரிபூர்க்கும் வேண்டாம், அறையும் வேண்டாம். கணவர் போன பிறகு பதினொரு வருடமாக அவள் தனியே ஆண்டுவரும் வீடு இது. எந்தக் கோப்பை அலுமாரியின் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று இங்கே அவளைக் கேள்வி கேட்க ஆளில்லை. இதை விட்டுவிட்டு மகன் வீட்டில் விருந்தாளியாகக் குந்தியிருக்க அவளுக்கென்ன தலைவிதியா?

வாய்த்தர்க்கம் முற்றிக் கடைசியில் ஓர் உடன்பாட்டில் வந்து நின்றது.

"வெள்ளிக்கிழமை திரிம்பாக் கோயிலுக்குத் தனியப் போட்டு வாங்கோ. வந்திட்டியள் எண்டால் அறையைப் பற்றி இனிக் கதைக்கமாட்டன். வழியில ஒரு பிழை நடந்தாலும் சாமானைக் கட்டவேணும், ஓமோ?"

"ஓமடா, ஓம்."

வெள்ளிக்கிழமை காலை ஊன்றுகோலுடன் ஓல்டன் பஸ் நிலையத்தில் நின்றவள், டிக்கெட் மெஷினுக்குப் பின்னால் ஒரு சாம்பல்நிற ஜாக்கெட்டைக் கண்டாள். மலிவு விற்பனையில் மகனுக்கு அவளே வாங்கிக் கொடுத்த ஜாக்கெட். ஆறடி ஆள் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்தால் தோளும் தெரியும், தலையும் தெரியும். வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் துப்பறிய வந்திருக்கிறார் துரை! அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஏச அவளுக்கு வாயில்லை.

முப்பது வருடங்களுக்கு முன்னால் இதே வேலையை அவளும் செய்தவள்தான். இந்த நாட்டில் ஐந்து வயதுப் பிள்ளைகள் கார்க்காரர் கண்ணில் படுவதற்காகக் கழுத்தில் செம்மஞ்சள் பட்டியை மாட்டிக்கொண்டு கிண்டர்கார்டனுக்குத் தனியே நடந்து போகும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எந்தத் தாய்க்கு அது பொறுக்கும்? ஆசிரியை அவளை அழைத்து, "தனியாக நடப்பதும் பாடம்தான், நீங்கள் வீட்டிலேயே இருங்கள்" என்று மரியாதையாகச் சொன்னார். சிவமலர் தலையாட்டினாள். மறுநாளிலிருந்து கார்களுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கிக் கிஷோபனைத் தொடர்ந்தாள். ஒருநாள் பிள்ளை பிழையான ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டது. மஞ்சள் தபால்பெட்டியின் பின்னால் நின்று நாக்கைக் கடித்துக்கொண்டாள், கூப்பிடவில்லை. பாதி தூரம் போன பிள்ளை தானாகத் திரும்பிச் சரியான தெருவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவள் பின்னால் போகவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள். திரிம்பாக் பஸ் என்றால் ஆற்றைக் கடக்க வேண்டும்; இது கடக்கவில்லை. ஒரு பிழை! வீடு போச்சு!

ஜன்னல் கண்ணாடியில் பார்த்தாள். கடைசி ஆசனத்தில் கிஷோபன் எழும்புவதும் உட்காருவதுமாக இருந்தான். ஆனால் கூப்பிடவில்லை. அவள் பொத்தானை அழுத்தி இறங்கி, தெருவைக் கடந்து, பதினொரு நிமிடம் காத்திருந்து நிலையத்துக்குத் திரும்பினாள். இந்த முறை ட்ரைவரிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டு ஏறினாள். கோயிலில் அம்பாளிடம் அவள் கேட்டது ஒன்றுதான். கோப்பைகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் தாயே.

வீடு திரும்பியபோது கிஷோபன் வாசலில் நின்றான்.

"இப்பதான் றெயினால இறங்கி வாறன்."

"பொய்யும் உனக்கு ஒழுங்காச் சொல்ல வராது. மெஷினுக்குப் பின்னால நிண்டது ஆர்?"

அவன் அசடு வழிந்தான். அவள் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். பாதி குடித்த பிறகு மெல்லச் சொன்னான்.

"அம்மா, சின்னனில நீங்கள் எனக்குப் பின்னால வந்தது எனக்குத் தெரியும்."

அவள் தன் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அண்டைக்குப் பிழையான ஒழுங்கைக்குள்ள போனது வேணுமெண்டுதான். கூப்பிடுறியளோ எண்டு பாத்தனான். நீங்கள் கூப்பிடேல்ல. அதோட எனக்குப் பயம் போயிட்டுது."

முப்பது வருடமாகத் தன் வைராக்கியம் என்று நினைத்திருந்தது, ஐந்து வயதுப் பொடியன் வைத்த சோதனையா!

"அப்ப... இண்டைக்கு அந்த பஸ்?" என்றான்.

அவள் தட்டில் இருந்த கோப்பைகளைப் பார்த்தாள்.

"நானும் வேணுமெண்டுதானடா ஏறினனான். நீ கூப்பிடுறியோ எண்டு பாத்தனான்."

கிஷோபன் தாயைப் பார்த்தான். அவன் ஒன்றும் மடையன் இல்லை.

"நான் கூப்பிடேல்ல," என்றான்.

"இல்லை. நீ கூப்பிடேல்ல."

அவன் எழுந்து கோப்பையைக் கழுவினான். "ஃப்ரிபூர்க்கில அந்த அறைக்குள்ள என்ர சைக்கிளை விடப்போறன்," என்றான். "இதை எந்தத் தட்டில வைக்கிறது?"

அவன் போன பிறகு, சிவமலர் ஒரு தாளில் திரிம்பாக் பஸ்ஸின் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதி, வாசற்கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.